கோவையில் மூளைக் கட்டி ஆபரேஷன்: அம்மாவோடு 19 நாள்

அம்மாவுக்கு ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கு அஞ்சுக்கு நாலு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். ஆபரேஷன் செய்த கைக்கும், அதை எங்களுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்ன வாய்க்கும் அஞ்சும் கொடுப்பேன். குறைத்த ஒன்று, வீட்டுக்கு அனுப்பி வைத்த விதத்துக்கு. இரண்டையும் விவரமாக எழுதுகிறேன். ஆஸ்பத்திரி பேரைப் போடவில்லை. பேரைப் பார்த்து யாரும் அங்கேயே ஓட வேண்டாம். எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் எதைக் கேட்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்து போங்கள். எங்களுக்கு அது தெரியாமல் எட்டு மாசம் வீணாகப் போனது.

எங்களுக்குச் சென்னிமலை. அம்மாவுக்கு வயசு 57. பதினாறு வயசில் தறிக்குழியில் காலை விட்டவர், போர்வை நெசவுதான் அன்றிலிருந்து இன்று வரைக்கும். அப்பாவுக்குப் பக்கத்துத் தறி. நான் உள்ளூர் நெசவாளர் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அம்மாவுக்கு நோய் இருக்கிறது என்று முதலில் சொன்னது டாக்டர் இல்லை, ஸ்கேன் இல்லை. அவர் நெய்த போர்வை.

ஆடி கழிந்து ஒரு நாள் சங்கத்தில் சரக்கு எடுக்கிறவர் அம்மாவின் போர்வையை மேஜை மேல் விரித்து, வலது கரை ஓரமாக விரலை வைத்து இழுத்துக்கொண்டே போனார். நாலு இடத்தில் பாவு இழை, அதாவது நீளவாக்கில் ஓடுகிற நூல், அறுந்து, முடிச்சுப் போடாமல் அப்படியே நெய்திருந்தது. ஒரு இழை விட்டால் துணியில் நீளத்துக்கும் கோடு விழுந்துவிடும். நெசவுக்கு வந்த புதுப்பிள்ளை கூட அதைப் பார்த்ததும் தறியை நிறுத்திவிடும். "ஏன் அம்மிணி, உங்கம்மாளுக்கு ஒடம்புக்குச் சொகமில்லையா?" என்று அவர் கேட்டபோது எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அடுத்த வாரம் இன்னொன்று திரும்பியது. அதுவும் வலது பக்கம்தான். இடது கரை சுத்தமாக இருந்தது. இப்போது யோசித்தால் அந்தத் துணியிலேயே எல்லாம் எழுதி இருந்திருக்கிறது. நாங்கள்தான் படிக்கவில்லை.

வீட்டிலும் அடையாளம் இருந்தது. ஆசாரத்திலிருந்து, அதாவது முன் கூடத்திலிருந்து, உள்ளே போகும்போது நிலைப்படியில் வலது தோளை இடித்துக்கொள்வார். கையில் எப்போதும் ஒரு நீலத் தழும்பு. சாப்பிட்டு முடித்த தட்டில் வலது ஓரத்துப் பொரியல் அப்படியே இருக்கும். "பொரியல் வெச்சியா? நான் பார்க்கவே இல்லையே" என்பார். பஸ் போர்டில் 'பெருந்துறை' என்று போட்டிருந்தால் 'பெரு' வரை படித்துவிட்டு நிற்பார். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு முன்னால் வலது பக்கமிருந்து வந்த எக்ஸெல் வண்டி அவரை உரசிக்கொண்டு போனது. ஓட்டி வந்தவர் திட்டினார். அம்மா என்னிடம், "எங்கிருந்து வந்தான்னே தெரியல கண்ணு" என்று சொல்லி அழுதார். கூடவே விடியற்காலைத் தலைவலி. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு தறியில் உட்கார்ந்துவிடுவார்.

முதலில் கண்ணாடிக் கடை. பவர் மாறியிருக்கிறது என்று புதுக் கண்ணாடி கொடுத்தார்கள். இரண்டு மாசத்தில் இன்னொன்று. பிறகு ஒரு முகாமில், புரை ஆரம்பம், பழுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். ஒரு டாக்டர் ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை எழுதினார். இன்னொருவர் மாதவிடாய் நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும் என்றார். யாரையும் பேர் சொல்லிக் குறை கூற வரவில்லை. ஆனால் இவர்களில் ஒருவர் கூட அம்மாவின் எதிரே உட்கார்ந்து கையை நீட்டிப் பார்க்கவில்லை.

அதைச் செய்தவர் ஈரோட்டில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் இருந்த இளம் பெண் டாக்டர். கருவி எதுவும் எடுக்கவில்லை. அம்மாவுக்கு நேராக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கண்ணைப் பொத்தச் சொன்னார். "என் மூக்கையே பாருங்கம்மா. பக்கத்துல விரல் ஆடுனா சொல்லுங்க" என்றார். இடது பக்கம் ஆட்டியபோது அம்மா உடனே சொன்னார். வலது பக்கம் விரல் ஆடிக்கொண்டே இருக்கிறது, அம்மா சும்மா உட்கார்ந்திருக்கிறார். அடுத்த கண்ணைப் பொத்தியும் அதேதான். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். எட்டு மாசம் பிடிபடாதது அந்த ஒரு நிமிஷத்தில் பிடிபட்டது. "கண்ணுல குத்தமில்லைங்க. ஒரு கண்ணு மட்டும்னா கண்ணைச் சொல்லலாம். ரெண்டு கண்ணுலயும் ஒரே பக்கம் மறையுதுன்னா கண்ணுக்குப் பின்னால, மூளைக்குப் போற வழியில தடை இருக்குது. நாளைக்குன்னு வெக்காதீங்க, இன்னைக்கே எம்ஆர்ஐ எடுங்க" என்றார். யார் வீட்டிலாவது பெரியவர்கள் ஒரே பக்கமாக இடித்துக்கொண்டால், ஒரே பக்கமாகச் சாமானைத் தட்டிவிட்டால், கண்ணாடி மாற்றும் முன் இந்த விரல் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

எம்ஆர்ஐயில் மூளையின் இடது பாதிக்குள், பின்பக்கமாக, ஒரு கட்டி. நாலரை சென்டிமீட்டர், கிட்டத்தட்ட பெரிய எலுமிச்சம்பழ அளவு. ரிப்போர்ட்டில் 'இன்ட்ராவென்ட்ரிகுலர்' (மூளையின் நீர் அறைக்குள்) என்றொரு வார்த்தையும், அதன் பக்கத்தில் 'மெனிஞ்சியோமாவாக இருக்கலாம்' என்றும், வேறு இரண்டு மூன்று கட்டி வகைகளின் பேரும் போட்டிருந்தது.

நேராக ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இங்கே நான் மதிப்பெண் கொடுக்கிற இடம் அது இல்லை. அங்கே டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு பெண் பேக்கேஜ் தாளை நீட்டினார். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், "உடனே அட்மிட் பண்ணுங்க" என்றார். கட்டி எந்த இடத்தில் இருக்கிறதுங்க, எப்படி எடுப்பீங்க என்று தம்பி கேட்டான். "அதெல்லாம் உங்களுக்குச் சொன்னாப் புரியாது" என்று பதில் வந்தது. அம்மா எழுந்துவிட்டார். வெளியே வந்து படியில் உட்கார்ந்து, "புரியாத எடத்துல தலையைக் குடுக்கறதுக்கு நான் வரலை" என்றார். கோபத்தில் சொன்னதில்லை. நாற்பது வருஷமாக ஒவ்வொரு இழையையும் கண்ணால் பார்த்துத் தொழில் செய்தவர் பேச்சு அது.

இரண்டு நாள் கழித்துப் போனதுதான் இந்தக் கோவை ஆஸ்பத்திரி. நியூரோ சர்ஜரி ஓபி காலை ஒன்பது மணிக்கு. டோக்கன் வாங்க நாங்கள் ஏழரைக்கே உட்கார்ந்துவிட்டோம். ஆனாலும் உள்ளே போகும்போது பன்னிரண்டேகால். காத்திருப்பு அதிகம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்று உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. அந்த டாக்டர் ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து சொல்கிறார். எங்களுக்கு முப்பத்தைந்து நிமிஷம்.

ஸ்கேன் கவரைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்தார். அந்தக் கவரை இன்னும் வைத்திருக்கிறேன். "மூளைக்குள்ள நாலு தண்ணி அறை இருக்குதுங்க. அதுல ஒரு நாளைக்கு அரை லிட்டர் நீர் ஊறுது. ஆனா எந்நேரமும் தலையும் முதுகுத் தண்டும் சேர்ந்து இருக்கறது 150 மில்லி சுமாருக்குத்தான். மிச்சம் வடிஞ்சு ரத்தத்துல சேர்ந்துரும். உங்க கட்டி இடது பக்கத்து அறையில, மூணு ரோடு சேர்ற மாதிரி ஒரு முக்கு இருக்குது, அதுல உக்காந்திருக்குது."

பிறகு ஒரு விஷயம் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் இது எவ்வளவு அபூர்வம் என்று எனக்கு உறைத்தது. மெனிஞ்சியோமா என்பது மூளைக்குள்ளே வரும் கட்டியே இல்லை. மூளையைச் சுற்றி மூடியிருக்கிற உறையிலிருந்து வளர்வது. அந்தப் பேரை 1922இல் வைத்தவர் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர். தலைக்குள் தோன்றுகிற கட்டிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இந்த வகைதான், அதுவும் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பெரும்பாலும் மண்டை ஓட்டை ஒட்டி, வெளிப்பக்கத்தில் இருக்கும். தண்ணி அறைக்குள் போய் உட்கார்வது நூறு மெனிஞ்சியோமாவில் ஒன்றோ இரண்டோ, மிஞ்சினால் மூன்று.

"ஒறையிலிருந்து வர்றதுன்னா அது எப்படிங்க உள்ள போச்சு?" என்று கேட்டேன். டாக்டர் என் கேள்வியைத் தட்டிவிடவில்லை. குழந்தை வயிற்றில் உருவாகும்போது அந்த உறை ரத்தக் குழாய்களோடு சேர்ந்து மடிந்து உள்ளே போகிறது. தண்ணீர் ஊறுகிற பஞ்சு போன்ற சதை அதிலிருந்துதான் உண்டாகிறது. அப்போது உறையின் செல்கள் கொஞ்சம் அந்தச் சதைக்குள்ளேயே தங்கிவிடும். என்றைக்கோ அது வளர ஆரம்பித்தால் இப்படி ஆகும் என்றார். அதுவரை பேசாமல் இருந்த அம்மா சொன்னார்: "பாவு ஓட்டறப்ப வேற நூலு ஒண்ணு உள்ள போயிருச்சுன்னா அப்பவே தெரியாதுங்க. நெய்ஞ்சு வர்றப்பத்தான் தெரியும்." டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "அதேதானுங்கம்மா, அதேதான்" என்றார். அந்த இடத்தில் அம்மா சம்மதித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. கையெழுத்துப் போட்டது அதற்கு மூன்று நாள் கழித்து.

வழியைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார். காது மேல்பக்கமாகப் போனால் தூரம் குறைவு. ஆனால் பார்வை நரம்பு நார்கள் விசிறி மாதிரி விரிந்து போகிற இடம் அது. பேச்சும் இடது பக்கத்தில்தான். அதனால் உச்சிக்குக் கொஞ்சம் பின்னால், மேலிருந்து, மூளையின் ஒரு மடிப்பை விலக்கி அந்தப் பள்ளத்தின் வழியாக இறங்கப்போகிறேன். தூரம் அதிகம், சேதம் குறைவு என்றார். இன்னொரு சிக்கல், இந்தக் கட்டிக்கு ரத்தம் கொடுக்கிற குழாய் கட்டிக்கு அந்தப் பக்கம், ஆழத்தில் இருக்கிறது. வெளியே இருக்கிற மெனிஞ்சியோமா என்றால் முதலில் ரத்தத்தை நிறுத்திவிட்டுக் கட்டியை எடுக்கலாம். இதில் அது கடைசியில்தான் கைக்கு எட்டும். அதனால் ஒலி அதிர்வில் உடைத்து உறிஞ்சுகிற கருவியால் உள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, கட்டியைச் சுருக்கி, பிறகுதான் குழாயைக் கட்ட முடியும். ரத்தம் ஏற்பாடு செய்து வையுங்கள் என்றார். பேச்சு கொஞ்ச நாள் தடுமாறலாம், வலிப்பு வரலாம், போன பார்வை முழுசாகத் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். அந்த "மாட்டேன்" எனக்குப் பெரிய தெம்பு. எல்லாம் சரியாகிவிடும் என்று முதல் நாளே சொல்கிற இடத்தைவிட இதைத்தான் நம்பத் தோன்றியது.

பணம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எங்கள் அட்டை இருந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு, வருஷத்துக்கு 5 லட்சம் வரை. தரைத் தளத்தில் அதற்கென்று தனி மேஜை இருக்கிறது, அதில் இருந்த தம்பி பொறுமையானவர். ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை, ஸ்கேன் எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று ஜெராக்ஸ் எடுத்துப் போங்கள். முன் அனுமதி வர இரண்டு நாள் ஆனது. அதற்கு முன் வெளியில் எடுத்த எம்ஆர்ஐ, போக்குவரத்து, நாங்கள் தங்கியது, சாப்பிட்டது என்று கையிலிருந்து சுமார் 60 ஆயிரம் போனது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு நர்ஸம்மா வந்து முடி எடுத்தார். மொத்தத்தையும் வழித்துவிடுவார்கள் என்று அம்மா பயந்துகொண்டிருந்தார். உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் வழித்து, மிச்ச முடியை இரண்டாகப் பிரித்து இறுக்கப் பின்னிவிட்டார். "மேல ஒரு மொழம் பூ வெச்சா இந்த எடமே தெரியாதுங்கம்மா" என்றார். அந்த நர்ஸம்மாவை நான் மறக்கமாட்டேன்.

காலை எட்டுக்கு உள்ளே கொண்டு போனார்கள். வெளியே வந்தது மூன்றே முக்கால். காத்திருக்கிற ஹாலில் ஃபேன் உண்டு, தண்ணீர் உண்டு, நாற்காலி போதாது. ராத்திரி தங்குகிறவர்கள் தரையில்தான் பாய் விரிக்க வேண்டும். பெண்களுக்குத் தனி இடம் இல்லை, இதைக் கட்டாயம் சரி செய்ய வேண்டும். நான் மெச்சுகிற விஷயம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தியேட்டரிலிருந்து ஒருவர் வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சேதி சொன்னார். "திறந்தாச்சுங்க, பிரஷர் நல்லா இருக்குது." "பாதி எடுத்தாச்சுங்க." "ரத்தக் குழாயைக் கட்டியாச்சுங்க, இனிப் பயமில்லை." அந்த மூன்று வரிதான் அன்றைக்கு எங்கள் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. அப்பா காலையிலிருந்து பச்சைத் தண்ணி குடிக்காமல் இருந்தவர், மூன்றாவது வரி கேட்ட பிறகுதான் டீ குடித்தார்.

அந்த ஹாலில் உட்கார்ந்த நாட்களில் எங்களை மாதிரியே எதிர்பாராத இடத்தில் கட்டி வந்த இரண்டு குடும்பத்தைப் பார்த்தேன். கோபி பக்கத்துப் பையன், 26 வயசு. அவனுக்கும் தண்ணி அறைதான், ஆனால் முன்பக்கம், இரண்டு அறைக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய தடுப்பை ஒட்டி. நீர் வடிகிற ஓட்டையைக் கட்டி அடைத்ததால் தலைவலி, வாந்தி. அது நியூரோசைட்டோமா என்ற வகை. பெரும்பாலும் இருபது, முப்பது வயசுக்காரர்களுக்கு வருவது. 1982இல்தான் அதைத் தனி வகை என்று பிரித்துச் சொன்னார்களாம். அதற்கு முன் மைக்ராஸ்கோப்பில் வேறொரு கட்டி மாதிரியே தெரிந்து பேர் மாறிப்போகும். முழுக்க எடுத்துவிட்டால் பெரும்பாலும் நல்லபடியாக இருப்பார்கள் என்று அவன் அக்கா சொன்னார். இன்னொருவர் தாராபுரத்து அக்கா. மண்டையின் அடித்தளத்து எலும்பில், மூக்குக்குப் பின்னால், கார்டோமா. கருவில் முதுகெலும்பு உருவாகும்போது இருந்த ஒரு தண்டின் மிச்சம் சொச்சம் தங்கி அதிலிருந்து வளர்வது. அவருக்குத் தலையைத் திறக்கவே இல்லை, மூக்கு வழியாகக் கேமராவை விட்டு எடுத்தார்கள். அவருக்குப் பின்னால் கதிர்வீச்சும் இருக்கிறது. பிறக்கும் முன் உள்ளே தங்கிவிட்ட ஒன்று அம்பது வயசில் எழுந்திருக்கிறது என்றால், நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. அந்த அக்கா அதைத்தான் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதை நான் அவருக்குத் திருப்பிச் சொன்னேன், அம்மாவின் பாவு நூல் பேச்சையும் சேர்த்து.

ஐசியூவில் அம்மா கண் திறந்தார், கை கால் எல்லாம் அசைந்தது, என்னைத் தெரிந்தது. ஆனால் வார்த்தை வரவில்லை. கரண்டியைக் காட்டி "அந்த நாடாவைக் குடு" என்றார். நாடா என்பது தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற கட்டை. தண்ணீரைக் காட்டி என்னமோ சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டு அழுதார். முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள் என்றாலும் நேரில் பார்க்கும்போது நெஞ்சு அடைத்தது. நாலாம் நாள் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வந்தார், சின்ன வயசு. படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்: குடை, ரயில், யானை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் நான் தம்பியிடம் சொல்லி வீட்டிலிருந்து ஒரு பையைக் கொண்டு வரச் சொன்னேன். அதில் நாடாவுக்குள் வைக்கிற, நூல் சுற்றிய ஒரு தார்க்குச்சி, பழைய நாடா, கொஞ்சம் சாயம் போட்ட நூல், ஒரு துண்டுப் போர்வை. அம்மா கையில் கொடுத்ததும் முதலில் நூலைத் திருகிப் பார்த்தார். பிறகு தாரைத் தொட்டு "தார்" என்றார். நாடாவைத் தொட்டு "நாடா" என்றார். போர்வையின் ஓரத்தைத் தடவி, ரொம்ப நேரம் யோசித்து, "கரை" என்றார். வேறொருவராக இருந்தால் தன் அட்டைகளை ஒதுக்கிவிட்டோமே என்று மனம் கோணியிருப்பார். அந்தப் பெண் உடனே தன் அட்டைக் கட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, "இனி இதுலதான் நாம படிக்கப்போறோம்மா" என்று தாரை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு தினமும் அரை மணி நேரம். பத்தாம் நாள் அம்மா என்னிடம், "கண்ணு, அப்பன் சாப்பிட்டாரா?" என்று முழு வாக்கியமாகக் கேட்டார்.

வார்டு சுத்தம் பரவாயில்லை. கழிப்பறை ஒரு நாளைக்கு மூன்று முறை கழுவுகிறார்கள். கேன்டீன் இட்லி நன்றாக இருக்கும், மதியச் சாப்பாடு சுமார். கேட்டுக்கு எதிரே ஒரு மெஸ்ஸில் அரிசியும் பருப்பும் சாதம் கிடைக்கிறது, வாய்க்கு ருசியாக இருந்தது.

எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பி ரிப்போர்ட் வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் யாரும் தாங்களாக ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள்தான் கேட்டுக்கொண்டே இருந்தோம். வந்தபோது மெனிஞ்சியோமா, முதல் தரம். தரம் என்பது எவ்வளவு வேகமாக வளரும் குணம் என்பதைச் சொல்வது. மூன்று தரத்தில் முதல் தரம் மெதுவானது. முழுக்க எடுத்துவிட்டதால் கதிர்வீச்சு தேவையில்லை, ஸ்கேன் எடுத்துக் கவனித்தால் போதும் என்றார்கள். அந்த அறைக்குள் வேறு வகைக் கட்டிகளும் வரும், வேறு எங்கேயோ இருக்கிற புற்றிலிருந்து பரவியதும் வந்து உட்காரும். படத்தைப் பார்த்து மட்டும் முடிவு கட்ட முடியாது. அதனால் இந்த ரிப்போர்ட் கைக்கு வரும்வரை யார் எது சொன்னாலும் முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரிஜினலை வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

இனி, குறைத்த அந்த ஒன்று. டிஸ்சார்ஜ் நாள். மத்தியானம் இரண்டு மணிக்குப் போகலாம் என்றார்கள், தாள் கைக்கு வந்தது இரவு எட்டு. ஆறு பக்கம், எல்லாம் இங்கிலீஷில். மாத்திரை விவரமும் சுருக்க எழுத்தில். மருந்துக் கடை ஜன்னலில் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள், உள்ளே இருந்தவர் ஓட்டமாகச் சொல்லி உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார். வீக்கம் குறைய டெக்ஸாமெத்தசோன் என்று ஒரு மாத்திரை. மூன்று நாளைக்கு ஒருமுறை அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்த வேண்டும். அது தாளில் இருந்திருக்கிறது. எங்களுக்குப் புரியவில்லை. பழைய அளவையே ஆறு நாள் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு ராத்திரி தூக்கமே இல்லை, அடங்காத தாகம். உள்ளூரில் பார்த்தபோது சர்க்கரை 290. அதற்கு முன் அவருக்குச் சர்க்கரையே கிடையாது. கோவைக்குப் போன் அடித்தால் வார்டுக்கும் ஓபிக்கும் மாற்றி மாற்றி விட்டார்கள். நாற்பது நிமிஷம் கழித்து ஒரு ஜூனியர் டாக்டர் கிடைத்து, அளவைக் குறைத்துச் சொன்னார். இரண்டு வாரத்தில் சர்க்கரை இறங்கியது. ஆனால் என் கையால் கொடுத்த மாத்திரை. அந்த வாரம் நான் தூங்கவில்லை.

ஏழு மணி நேரம் நூல் பிசகாமல் வேலை செய்த இடத்தில், ஒரு தமிழ்த் தாள் எழுதிக் கொடுக்க ஆள் இல்லையா? கட்டி எங்கே இருக்கிறது என்று அவ்வளவு அழகாகத் தமிழில் சொன்ன அதே ஆஸ்பத்திரி, கடைசி நாளில் எங்களை முதல் ஆஸ்பத்திரியைப் போல நடத்திவிட்டது. இதை மூன்றாம் மாசச் செக்கப்பில் டாக்டரிடமே சொன்னேன். அவர் வருத்தப்பட்டார். புகார்ப் புத்தகத்தில் எழுதச் சொன்னார், எழுதியிருக்கிறேன். நீங்கள் போனால் டிஸ்சார்ஜ் அன்று நர்ஸிடம் உட்கார்ந்து, எந்த மாத்திரை, எந்த வேளை, எத்தனை நாள், எப்போது குறைக்க வேண்டும் என்று உங்கள் நோட்டில் உங்கள் கையால் எழுதிக்கொண்டு, திருப்பிப் படித்துக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். வலிப்பு வராமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரையை மட்டும் யார் பேச்சைக் கேட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

மூன்றாம் மாத ஸ்கேனில் கட்டி இருந்த இடம் காலி. பேச்சு முக்கால்வாசி வந்துவிட்டது. அசதியாக இருக்கும்போது மட்டும் பேர் மாறும். பார்வையில் வலது பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, முழுசாக இல்லை. அதற்கு ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள்: படிக்கிற தாளின் வலது ஓரத்தில் சிவப்புப் பட்டை ஒட்டிவிட வேண்டும், அந்தச் சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்பிவிட்டுத்தான் அடுத்த வரிக்கு வர வேண்டும். இரண்டு மாசம் தினத்தாளில் அப்படிப் படித்தார்.

புரட்டாசியில் தறியில் உட்கார வேண்டும் என்றார். அப்பா வேண்டாம் என்றார், கேட்கவில்லை. டாக்டரிடம் கேட்டோம், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்றார். பாவு பூட்டும்போது அப்பா வலது கரையில் இரண்டு சிவப்பு இழை சேர்த்துப் போட்டார். அம்மா ஒவ்வொரு தடவை நாடா ஓடி நிற்கும்போதும் தலையைத் திருப்பி அந்தச் சிவப்பைப் பார்க்கிறார், பிறகு மிதிக்கிறார். முன்பு மூன்று நாளில் முடிகிற போர்வைக்கு இருபத்திரண்டு நாள் ஆனது. சங்கத்தில் நான்தான் மேஜை மேல் விரித்தேன். சரக்கு எடுக்கிறவர் வலது ஓரமாக விரலை வைத்து, கடைசிவரை இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மடித்து அடுக்கில் வைத்தார்.

அடுத்த ஸ்கேன் தை மாசம். பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. போய்வந்து இதன் கீழேயே சேர்த்து எழுதுகிறேன், டிஸ்சார்ஜ் தாள் தமிழில் வர ஆரம்பித்திருக்கிறதா என்பதையும்.